லா சப்பல் சாளக்கிராமம்

சாமி கும்பிடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் கும்பிடுகிறவள்தான். என் கோபம் ஒரே ஒரு மனிதர் மேல், அவர் அக்காவுக்குச் செய்த ஒரு காரியத்தின் மேல். இத்தனை வருடம் கழித்தும் அதைச் சொல்லத் தொடங்கினால் என் குரல் உயர்ந்துவிடும். என் கணவர் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். அதனால்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் இருவரும் பாரிஸின் லா சப்பல் பகுதியில், ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், ஓர் அறையில் இருந்தோம். எதிர் அறையில் அக்கா இருந்தார். சொந்த அக்கா அல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஒருவரையொருவர் தெரியாது. அந்த மாடிக்கு இருந்த ஒரே தண்ணீர்க் குழாயில் வாளி வைக்கப் போய்ப் பழகியவர்கள். அவருடைய கணவரை ஒரு சுற்றிவளைப்பில் இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போய், தெற்கே ஏதோ ஒரு முகாமில் வைத்திருந்தது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு கடிதம் வரும். பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் வராது. அக்கா விடியற்காலையில், அலுவலர்கள் வருமுன் கந்தோர்கள் துப்புரவாக்கப் போவார், வந்து சமைப்பார், தபால்பெட்டியைப் பார்ப்பார். அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் தபால்பெட்டியைப் பூட்டிய பிறகும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறுவார்.

தெருமுனையில் எங்கள் ஆள் ஒருவருடைய கடை இருந்தது. மிளகாய்த்தூள், கருவாடு, சிவப்புப் பச்சையரிசி, படக் கசெட்டுகள். அப்போது லா சப்பலில் தமிழ்க் கடைகள் அதிகம் இல்லை. அதனால் அவர் வெறும் கடைக்காரர் அல்ல. வீடு தேடித் தருவார், மொழிபெயர்க்க ஆள் காட்டுவார், யாருக்கு எங்கே வேலை இருக்கிறது என்று சொல்வார். கடையின் பின்னறையில் சாமிப் படங்களை வரிசையாக வைத்து வெள்ளிக்கிழமைகளில் பூசை செய்வார். மூட்டை தூக்கும் அதே மேற்சட்டையைக் கழற்றிவிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு நிற்பார். கும்பிட ஒரு இடம் கிடைத்ததே என்று நாங்களும் போனோம்.

ஒரு கோடையில் எங்கள் கத்தோலிக்கச் சனம் லிசியூ என்ற ஊரின் தேவாலயத்துக்கு யாத்திரை போக ஒரு பஸ் பிடித்தது. இடம் மிச்சம் இருந்ததால் சைவக்காரரான நாங்களும் ஏறிக்கொண்டோம். அக்காவுக்கு வேலை, வரவில்லை. கடைக்காரர் வந்தார். தேவாலயத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பின்னேரம் பஸ் நோர்மண்டிக் கடற்கரைக்குப் போனது.

நான் நினைத்தது வெள்ளை மணல். கண்டது சேற்று மலை. கரையோரமாக நீண்டு போகிற சாம்பல் நிறக் களிமண் மேடு. மழை அதை அரித்து அரித்து, ஆங்காங்கே கூரிய முகடுகளாகவும் ஆழமான வெடிப்புகளாகவும் ஆக்கியிருந்தது. உச்சியிலிருந்து உருண்டு விழுந்த பெரிய வெள்ளைப் பாறைகள் கீழே அலைவாயில் கிடந்தன. அவற்றின் மேல் கடற்பாசி கறுப்பாகப் படர்ந்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மாடுகள் படுத்திருப்பது மாதிரி இருக்கும் என்று அந்த இடத்துக்கே 'கறுப்பு மாடுகள்' என்று பெயர். காலடியில் எங்கு பார்த்தாலும் கல்லாகிப்போன சிப்பிகள். வளைந்த நகம் மாதிரிச் சிப்பிகள், சுருள் சுருளான ஓடுகள். கடல் பின்வாங்கும் வற்று நேரம் என்பதால் பிரெஞ்சுக் குடும்பங்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தன. நாங்கள் கொண்டுபோன கட்லெட்டைத் தின்றபடி வேடிக்கை பார்த்தோம். கடைக்காரர் மட்டும் காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி, ஒரு பையை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை, கல்லுப் பொறுக்கிறியள்?" என்று கேட்டேன்.

"சும்மா பிள்ளை. கடையிலை அழகுக்கு வைப்பம்" என்றார்.

கடையில் அழகுக்கு எதையும் அவர் வைக்கவில்லை. நானும் அதை மறந்துபோனேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வர, அக்கா முகம் மலர்ந்து நின்றார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதற்கு முன் கண்டதில்லை. கடைக்கார அண்ணையிடம் நேபாளத்திலிருந்து சாளக்கிராமம் வந்திருக்கிறதாம். கண்டகி ஆற்றில் எடுத்ததாம். சாதாரணமாகக் கறுப்புக் கல்லுக்குள் சக்கரம் இருக்குமாம், இது பொன் சக்கரமாம், எல்லாருக்கும் கிடைக்காதாம். சிறைப்பட்டவர்களை மீட்டுத் தருகிற கல்லாம். நாளும் பாலும் தண்ணீரும் வார்த்து அபிஷேகம் செய்தால், ஆறு மாதத்துக்குள் மனுசன் வீட்டு வாசலில் நிற்பாராம். விற்கவில்லையாம். காணிக்கைதானாம்.

எங்கள் வீடுகளில் சாளக்கிராமம் வைத்துக் கும்பிடுகிற வழக்கம் கிடையாது. பெயர்தான் கேள்விப்பட்டிருந்தோம். தெரியாத சாமிக்கு மதிப்பு அதிகம் என்று அந்த மனிதர் நன்றாகக் கணக்குப் போட்டிருக்கிறார். எந்தக் கல்லை யாரிடம் கொடுத்தால் அவள் கேள்வி கேட்கமாட்டாள் என்றும் தெரிந்து வைத்திருக்கிறார். பிடிபட்ட புருசனுக்காகக் காத்திருக்கிறவள் என்ன கேள்வி கேட்பாள்?

அக்கா மூலையில் ஒரு சிறிய பெட்டியைக் கவிழ்த்து, பட்டுத்துணி விரித்து, பித்தளைத் தட்டில் அதை வைத்தார். சந்தனமும் பூவும் மூடியிருக்க, கல்லை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. மாதவிலக்குத் துடக்கு நாட்கள் தவிர, ஒவ்வொரு நாளும் குளித்துவிட்டு வந்து அபிஷேகம் செய்தார். குளிர்காலம் வந்தது. தண்ணீர்க் குழாய் உறைந்து போகிற நாளில்கூட, வாளியில் பிடித்து வைத்திருந்த ஐஸ் தண்ணீரில் தலை முழுகிவிட்டுத்தான் அந்தத் தட்டைத் தொட்டார்.

மாசியளவில் ஒரு காலை என் கதவைத் தட்டினார். கையில் தட்டு.

"பிள்ளை, வந்து பார். சாமி உடையுது."

கல் வெடித்திருந்தது. வெடிப்புகளுக்குள் மஞ்சளும் வெள்ளையுமாக ஏதோ பூஞ்சணம் மாதிரிப் பொடி பூத்திருந்தது. நெருப்புக்குச்சி கொளுத்திய மாதிரி ஒரு மணம். கீழே விரித்திருந்த பட்டுத்துணி பொசுங்கி ஓட்டையாகியிருந்தது. நான் விரலால் தொட, ஒரு துண்டு உதிர்ந்து விழுந்தது. அப்போதுதான் உள்ளே பார்த்தேன். சுருளின் மடிப்புகளுக்குள் சாம்பல் நிறக் களிமண். கோடையில் என் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு, கழுவக் கழுவப் போகாமல் இருந்த அதே களிமண்.

நான் ஏதும் சொல்வதற்குள் அக்கா சேலையைச் சுற்றிக்கொண்டு கடைக்கு ஓடிவிட்டார். திரும்பி வந்தவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கட்டிலில் இருந்தார். அழவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"துடக்கோடை தொட்டிருக்கிறன் எண்டு சொல்லுறார். இல்லாட்டி சாமி வெடிக்காதாம். தாலிக்கு ஆகாதாம், பிள்ளை."

"நீங்கள் துடக்கோடை தொட்டனீங்களே?"

"இல்லை. நாள் எண்ணி எண்ணித்தான் பூசை செய்தனான். ஆனால் எங்கையோ பிழைச்சிருக்கும். என்ரை மனுசன் இனி இல்லைப் போலை. அதுதான் சாமி காட்டிப்போட்டுது."

ஒரு பெண்ணின் புருசன் செத்துவிட்டான் என்று, தன் கடையின் மிளகாய்த்தூள் பக்கற்றுகளுக்கு நடுவில் நின்று ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். தான் சேற்றில் பொறுக்கிய கல் நொறுங்கியதற்கு, அவளுடைய உடம்பைக் குற்றம் சொல்லி அனுப்பியிருக்கிறார். மற்ற எல்லாவற்றையும் விடலாம். இதை எப்படி விடுவது?

அதோடு நிற்கவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைப் பூசையில், பெயர் சொல்லாமல், ஆனால் எல்லோருக்கும் விளங்கும்படி, ஆசாரம் கெட்ட கையால் சாமி தொட்டால் என்ன நடக்கும் என்று பிரசங்கம் வைத்தார். அதன்பிறகு பெண்கள் மெதுவாக ஒதுங்கினார்கள். சார்செல் என்ற புறநகரில் ஒரு பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் கொண்டாட்டத்துக்கு எங்கள் மாடி முழுவதற்கும் அழைப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. படியில் எதிரே வந்தால் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். போரையும் விமானத்தையும் விசாவையும் கடந்து வந்தவர்கள், துடக்கு என்ற ஒரு சொல்லுக்குப் பயந்தார்கள்.

நான் அக்காவிடம் கடற்கரையில் கண்டதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை.

"நீ எனக்காகச் சொல்லுறாய். என்ரை மனம் ஆறட்டும் எண்டு."

"சத்தியமாய்க் கண்டனான் அக்கா. பை நிறையப் பொறுக்கினவர்."

"என்ரை கண்ணாலை காணாமல் நம்பமாட்டன்."

"அப்ப வாங்கோ. காட்டுறன்."

என் கணவருக்கு விருப்பமில்லை. "உமக்கேன் இந்த வேலை? நாளைக்கு அந்தக் கடையிலைதானே அரிசி வாங்க வேணும்" என்றார். லா சப்பல் முழுக்க அப்படித்தான் யோசித்தது. அரிசி வாங்க வேண்டும், வேலை கேட்க வேண்டும், அறை தேட வேண்டும். அதனால் கடைக்காரர் எதையும் சொல்லலாம்.

குளிர் விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் சென்-லசார் ஸ்டேசனில் ரயில் ஏறினோம். மாறி ஏறி, 'கறுப்பு மாடுகள்' கரைக்குக் கிட்ட உள்ள உல்கேட் என்ற சிறிய ஊரில் இறங்கி, வற்று எப்போது என்று கேட்டு, கரையோரமாக நடந்தோம். அக்கா சேலைக்கு மேல் பெரிய கோட் போட்டிருந்தார். நொறுங்கிய கல்லைக் கைக்குட்டையில் முடிந்து மார்போடு வைத்திருந்தார்.

பனிக்கால மழையில் மேடு புதிதாகச் சரிந்திருந்தது. சாம்பல் களிமண் நாக்கு மாதிரி மணலுக்கு இறங்கி வந்திருந்தது. அலை அதைக் கழுவிக் கழுவி, உள்ளே இருந்ததை வெளியே எடுத்துப் போட்டிருந்தது. அக்கா நின்று பார்த்தார். பிறகு குனிந்தார். முதலில் எடுத்தது ஒரு சிப்பி. அடுத்து இன்னொரு சிப்பி. மூன்றாவதாக எடுத்ததைத் துடைத்தார். பொத்தான் அளவு. சுருள். ஈரத்தில் பொன்னாக மின்னியது.

அவர் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காற்றில் கோட் படபடத்தது.

பக்கத்தில் வாளியும் சிறிய சுத்தியலுமாக ஒரு பிரெஞ்சு அம்மா நின்றார். சேலை கட்டிய இருவர் சேற்றில் நிற்பதைக் கண்டு சிரித்தபடி வந்தார். வேலை செய்த வீட்டுப் பிள்ளைகளிடம் பழகிய பிரெஞ்சில் நான் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். இந்த மேடு முழுவதும் ஒருகாலத்தில் கடலின் அடிச்சேறு. சேற்றின் மேல் சேறு படிந்து, அடுக்கடுக்காக இறுகி, பிறகு மேலே வந்தது. இந்தச் சுருள் ஓட்டுக்குள் கணவாய் மாதிரி ஒரு பிராணி இருந்தது. அந்த இனமே இப்போது உலகில் இல்லை. செத்து மூழ்கிச் சேற்றில் புதைந்த ஓட்டுக்குள், இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு பொருள் நிரம்பிக் கல்லாகியது. அதுதான் பொன் மாதிரி மின்னுவது. பெயர் 'அமொனித்'.

அக்கா கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினார். அந்த அம்மா ஒரு பார்வைதான் பார்த்தார்.

"தண்ணீர் பட்டிருக்கிறதா?"

"தினமும்" என்றேன்.

"ஐயையோ" என்கிற மாதிரித் தலையில் கை வைத்தார். இந்தப் பொன்நிறக் கற்களுக்கு ஈரம் ஆகாது. காற்றிலும் ஈரத்திலும் உள்ளே இருக்கிற பொருள் புளித்து, அமிலமாகி, கல்லைத் தின்றுவிடும். வைத்த பெட்டியையும் துணியையும்கூடத் தின்னும். பொறுக்குகிறவர்கள் இதை நோய் என்றே சொல்வார்களாம். நன்றாக உலர்த்தி, வார்னிஷ் பூசி வைத்தால்தான் தப்பும். அப்படியும் சில தப்பாது. "உங்கள் பிழை இல்லை, மதாம்" என்றார், தனக்கு எதுவும் தெரியாமலே.

நான் அதைத் தமிழில் சொன்னேன். கடைசி வசனத்தை இரண்டு முறை சொன்னேன்.

அக்கா சேற்றில் கால் புதைய அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்தார். முகத்தைக் கோட்டின் கைக்குள் புதைத்துக்கொண்டு அழுதார். மனுசனைப் பிடித்துக்கொண்டு போனதற்கும் சேர்த்து அழுதார் என்று நினைக்கிறேன். பிரெஞ்சு அம்மா பயந்துபோய் என்னைப் பார்த்தார். நான் பரவாயில்லை என்று சைகை செய்தேன். அழுது முடித்துவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கடை கிணத்துச் சுண்ணாம்புக் கல்லிலையும் சிப்பி இருக்குதுதானே, பிள்ளை. அப்ப யாழ்ப்பாணத்துக் கிணத்துக்கட்டு முழுக்கச் சாமிதான்."

இருவரும் சிரித்தோம். நன்றாகச் சிரித்தோம். இன்னும் சில பொன் சுருள்களைப் பொறுக்கிக்கொண்டு புறப்பட்டோம். ஆனால் ரயிலில் திரும்பி வரும்போது அக்காவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. சென்-லசாரில் இறங்கியதும், "வீட்டை போகேல்லை. கடைக்குப் போவம்" என்றார்.

ஞாயிறு மாலை கடை நிரம்பி இருந்தது. கறிவேப்பிலை வந்திறங்கிய நாள். அக்கா சேறு படிந்த சப்பாத்தோடு உள்ளே போய், மேசையில் பொன் சுருள்களை ஒவ்வொன்றாக வைத்தார். பக்கத்தில் கைக்குட்டைப் பொடியையும் வைத்தார்.

"இண்டைக்குப் பொறுக்கினது, அண்ணை. நோர்மண்டிக் கடற்கரையிலை. நேபாளம் இவ்வளவு கிட்டவோ?"

கடைக்காரர் முகம் ஒரு கணம் வெளுத்தது. ஒரு கணம்தான். பிறகு கைகூப்பினார். அந்தக் கைகூப்பலைத்தான் நான் இன்றும் மன்னிக்கவில்லை.

"தங்கச்சி, கண்டகியிலை கிடக்கிறதும் இதே பிராணியின்ரை ஓடுதான். படிச்சவையைக் கேட்டுப் பாருங்கோ. இறைவன் அங்கை மட்டும்தானோ இருக்கிறார்? நோர்மண்டியிலை இல்லையோ?"

சனத்தில் சிலர் தலையாட்டினார்கள். பொய் பிடிபட்ட இடத்திலேயே அதைத் தத்துவமாக மாற்றிவிட்டார்! அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது. சாளக்கிராமமும் இந்தச் சுருள் பிராணியின் சுவடுதான் என்று பின்னர் நானும் அறிந்தேன். அக்கா விடவில்லை.

"கல்லிலை சாமி இருக்கோ இல்லையோ, அது எனக்கும் சாமிக்கும். அதை நான் உங்களிட்டைக் கேக்கேல்லை. நான் துடக்கோடை தொட்டனான் எண்டு சொன்னியள். என்ரை மனுசன் இல்லையெண்டு சொன்னியள். வெள்ளிக்கிழமை இவ்வளவு சனத்துக்கும் சொன்னியள். அதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

"நான் ஆரின்ரையும் பேர் சொல்லேல்லையே."

"இப்ப சொல்லுங்கோ. என்ரை பேரைச் சொல்லி, அவவிலை பிழை இல்லை எண்டு சொல்லுங்கோ."

எல்லோரும் பருப்புப் பக்கற்றுகளை வாசித்தார்கள். பருப்புப் பக்கற்றில் வாசிக்க என்ன இருக்கிறது? முப்பத்தோராம் நாளுக்கு அழைக்காமல் விட்டவர்களும் அதற்குள் நின்றார்கள். எனக்குத் தெரிந்த முகங்கள். ஒருவராவது வாய் திறந்திருக்கலாம்.

கடைக்காரர் தராசைத் துடைத்தார். "சரி, சரி, பிழை இல்லை. சனம் நிக்குது, தங்கச்சி" என்று முணுமுணுத்தார்.

"கேக்கேல்லை" என்றார் அக்கா.

"பிழை இல்லை எண்டு சொல்லுறன்!" என்று கத்தினார்.

அக்கா பொடியையும் சுருள்களையும் மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். தெருவில் மேம்பாலத்தில் மெற்றோ ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நியாயம் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். கடை நன்றாகவே ஓடியது. பின்னறைப் பூசையும் நடந்தது. பொன் சக்கரம் போய், அதன் இடத்தில் வேறு தாயத்துகள் வந்தன. அக்காவும் நானும் மட்டும் அரிசிக்கு வேறு கடைக்கு நடந்தோம், பிறகு என் கணவரும். பெண்கள் ஒவ்வொருவராக அக்காவிடம் திரும்பி வந்தார்கள். ஒருத்தி இடியப்பத் தட்டுக் கேட்டு வந்தாள், இன்னொருத்தி பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கேட்டு வந்தாள். மன்னிப்புக் கேட்டு யாரும் வரவில்லை. அக்கா தட்டையும் கொடுத்தார், பிள்ளையையும் பார்த்துக்கொண்டார். நானாக இருந்தால் கதவைத் திறந்திருக்க மாட்டேன்.

இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தான பிறகு முகாம்களிலிருந்து ஆட்களை விட்டார்கள். அக்காவின் கணவரும் வெளியே வந்தார். தசாப்தம் முடிகிற சமயத்தில் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். மெலிந்து, காது ஒன்று மந்தமாகி, ஆனால் உயிரோடு. வந்த கிழமையே, எதுவும் தெரியாமல், தெருமுனைக் கடைக்குச் சவரக்கத்தி வாங்கப் போயிருக்கிறார். கடைக்காரர் அவர் யாரென்று விசாரித்தறிந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்கிச் சொல்லியிருக்கிறார்: "நான் குடுத்த சாமிதான் தம்பி உம்மைக் கொண்டுவந்து சேர்த்தது. உம்மடை மனுசி அந்த நேரம் எவ்வளவு பக்தியாய்ப் பூசை செய்தவ தெரியுமே!"

அக்காவின் கணவர் வீட்டுக்கு வந்து, கடைக்காரர் நல்ல மனுசன் போலிருக்கிறது என்று எங்களிடம் சொன்னார். நான் தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் அடித்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இப்போதே போய்க் கேட்கிறேன் என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்து இருத்தினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"விடு பிள்ளை. அவர் வந்திட்டார்தானே."

அக்காவால் விட முடிந்தது. அது அவருடைய குணம். என்னால் முடியவில்லை.